பாலத்தில் நின்ற பவளராணி

பலேர்மோ துறைமுகத்தில் கப்பல் துடைக்கும் பவளராணிக்கு ஒரு பழக்கம். தரையைத் துடைத்துவிட்டால் அது காயும்வரை ஒரு ஈயையும் அதில் நடக்கவிட மாட்டாள். ஈ பறந்து போகலாம், அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. கால் உள்ள மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

நாப்போலியிலிருந்து வரும் கப்பலைக் காலையில் துறையில் கட்டுவார்கள். மாலையில் அது திரும்பிப் போய்விடும். அதற்கிடையில் அத்தனை படுக்கை அறைகளும் துப்புரவாக வேண்டும். இரண்டு பேர் ஒரு சோடி. ஞானம்பிகை கட்டில் விரிப்புகளை மாற்றுவாள், பவளராணி கழிவறையையும் தரையையும் பார்ப்பாள். அறைகள் முடிந்ததும் கடைசியில் அந்த நீண்ட நடைவழி. பின்பக்கமாக நடந்துகொண்டே துடைத்து வருவாள். திரும்பிப் பார்ப்பதும் இல்லை, சுவரில் இடித்துக்கொண்டதும் இல்லை. வாசலுக்கு வந்ததும் மொப்பின் கம்பை இடுப்புக்குக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். "பஞ்ஞாத்தோ, உன் மொமெந்தோ" என்பாள். ஈரமாக இருக்கிறது, ஒரு நிமிடம் பொறுங்கள் என்று அர்த்தம். அவளுடைய ஒரு நிமிடம் நாலு நிமிடத்துக்குக் குறையாது. கப்பலின் இரண்டாம் அதிகாரி ஒருநாள் தோள்பட்டை மினுங்க வந்து நின்று, தலைபோகிற அவசரம் என்றார். அவருக்கும் அதே மொமெந்தோதான். நின்றார். வேறென்ன செய்வார் மனிதர்?

இலங்கையின் வன்னிக்காரி, ஊர் விசுவமடு. நாற்பத்தெட்டு வயது. உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இத்தாலிக்கு வந்த பதினாலு வருடமும் பிரான்காச்சோவில் ஒரே மாடிவீட்டில் இருக்கிறாள். பலேர்மோவின் நடுப்பட்டணத்தில் இருப்பவர்களுக்குப் பிரான்காச்சோ என்றால் முகம் ஒரு மாதிரிப் போகும். நகரத்தின் கிழக்கு ஓரம், அரசாங்கம் கட்டிய தொடர்மாடிகள், டயர்க்கடை, இரும்புப் பட்டறை, நேரத்துக்கு வராத பேருந்து. அங்கே இருக்கிறேன் என்று சொன்னால் "ஓ" என்பார்கள். அந்த "ஓ" பவளராணிக்குப் பிடிக்காது.

போன வருடம் வைகாசி மாதத்தில் ஒருநாள் அவள் அப்படி மொப்போடு நின்றபோது, இறங்கிப் போன பயணி ஒருவர் மூக்குக்கண்ணாடியை அறையில் விட்டுவிட்டேன் என்று திரும்பி ஓடி வந்தார். பெயர் கஸ்பாரே. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளும் நல்ல ஆகிருதி. "மொமெந்தோ" என்றாள் பவளராணி. அவர் இடப்பக்கம் நுழையப் பார்த்தார். கம்பு இடப்பக்கம் போனது. வலப்பக்கம் பார்த்தார். கம்பும் வலப்பக்கம் வந்தது. அவள் ஒரு அடிகூட நகரவில்லை, குரலும் உயரவில்லை. மனிதர் கோபிக்கப் போகிறார் என்று ஞானம்பிகை விரிப்புக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கஸ்பாரேயோ சுவரில் சாய்ந்து நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"சிஞ்ஞோரா, ஆறு வருடமாக நான் தேடிக்கொண்டிருக்கிற ஆள் நீங்கள்தான். எங்கே இருக்கிறீர்கள்?"

"பிரான்காச்சோ."

அவர் "ஓ" என்று சொல்லவில்லை. "நானும்தான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு நிறையக் கனோலிப் பலகாரத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்யும் அவளுடைய கணவன் இராஜசிங்கம் தேத்தண்ணி போட்டான். பதினேழு வயது மகள் வேணுகா மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். கஸ்பாரே மேசையில் கரண்டிகளை ஆறாக அடுக்கி, குறுக்கே ஒரு கத்தியைப் பாலமாக வைத்து, கதையைத் தொடங்கினார்.

ஆயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு. நோர்வே மன்னன் முந்நூறு கப்பலில் இங்கிலாந்தைப் பிடிக்க வந்து இறங்கினான். இலேசுப்பட்ட ஆள் இல்லை. இளவயதில் கூலிக்குச் சண்டை போடும் வைக்கிங் வீரர்களோடு இதே சிசிலித் தீவுக்கும் வந்து ஒரு கை பார்த்துவிட்டுப் போனவன். அந்தத் தொடர்பைச் சாட்டாக வைத்துத்தான் கஸ்பாரே இந்தச் சண்டையைப் பிரான்காச்சோவுக்கு இழுத்து வந்திருந்தார். யோர்க் நகரம் அவனுக்குப் பணிந்துவிட்டது. பிணையாட்களை ஒப்படைக்கிறோம், ஸ்டாம்ஃபர்ட் பாலத்துக்கு வாருங்கள் என்றார்கள். செப்டெம்பர் மாதம், நல்ல வெயில். இந்த வெக்கையில் இரும்புச் சட்டை எதற்கு என்று அதைக் கப்பலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, திருவிழா பார்க்கப் போகிற மாதிரிப் போனார்கள் நோர்வேக்காரர்கள். இங்கிலாந்து மன்னன் எங்கோ தெற்கே கிடக்கிறான் என்ற நினைப்பு. அவனோ நாலே நாளில் படையோடு வடக்கே வந்து அவர்கள் முன்னால் நின்றான்.

"இரும்புச் சட்டையைக் கழட்டி வைச்சிட்டுப் போனவையோ?" என்று கேட்டாள் பவளராணி. "விசரங்கள். வெயிலெண்டால் சண்டை வராதோ?"

வேணுகா அதை மொழிபெயர்க்கவில்லை. கஸ்பாரேக்கு முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

ஆற்றின் ஒரு கரையில் நோர்வேக்காரர் கொஞ்சப் பேர், மறுகரையில் அவர்களுடைய மீதிப் படை, நடுவில் ஒடுங்கிய மரப்பாலம். மறுகரையில் இருந்தவர்கள் கேடயத்தை எடுத்து வரிசை கட்டுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்க ஒருவன் பாலத்தில் ஏறி நின்றான். தனி ஆள், கையில் ஒரு கோடரி. நாற்பது பேரைச் சரித்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள், பக்கத்தில் நின்று யார் எண்ணினது? ஆனால் ஒரு படை முழுவதையும் மறித்தான். கடைசியில் எதிரி ஒருவன் பீப்பாயில் ஏறி ஆற்றோடு மிதந்து பாலத்துக்குக் கீழே வந்து, பலகை இடுக்கால் ஈட்டியைச் செருகினான். அவன் விழுந்த பிறகுதான் இங்கிலாந்துப் படை ஆற்றைக் கடந்தது. பின்னேரத்துக்கிடையில் நோர்வே மன்னன் தொண்டையில் அம்பு பட்டுச் செத்தான். முந்நூறு கப்பலில் வந்தவர்களில் தப்பியவர்களை ஏற்றிப் போக இருபத்துநாலு கப்பல் போதுமாயிருந்தது.

"அவன்ரை பேர் என்ன, பாலத்திலை நிண்டவன்ரை?" என்றாள் பவளராணி.

"தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை."

"அவனுக்குப் பின்னாலை ஆக்கள் நிண்டவையோ?"

"ஆயிரக்கணக்கில்."

அவள் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்பாரே விசயத்துக்கு வந்தார். ஒவ்வொரு செப்டெம்பரிலும் இதை விளையாட்டாகப் போடுகிறார்கள். நடுப்பட்டணத்துக்காரர்கள் இங்கிலாந்து, பிரான்காச்சோ நோர்வே. பெரிய சண்டையில் நோர்வே தோற்பது எழுதி வைத்தது, அதை மாற்ற முடியாது. ஆனால் பாலம் மட்டும் நடிப்பில்லை, மெய்யான போட்டி. பாலத்தில் நிற்பவர் நூறு மேளச் சத்தம் வரைக்கும் நின்றுவிட்டால் அந்த வருடத்துக் கொடி பிரான்காச்சோவுக்கு. நிற்காவிட்டால் நடுப்பட்டணத்துக்கு. ஆறு வருடமாகக் கொடி நடுப்பட்டணத்தில்தான் பறக்கிறது. கடைசித் தரம் நின்றவன் டயர்க்கடை தூரி, நூற்றுப் பத்துக் கிலோ. முப்பத்தோராவது சத்தத்தில் தண்ணீருக்குள் போய்விட்டான். இந்தத் தரம் நீங்கள் நிற்க வேண்டும் என்றார் பவளராணியிடம்.

இராஜசிங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தூரி முப்பத்தொண்டெண்டால் இவ மூண்டிலை போயிடுவா. பேந்து ஊர் முழுக்கச் சிரிக்கும். உங்களுக்கு ஏனப்பா உந்த வேலை?"

"நான் நிக்கிறன்" என்றாள் பவளராணி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி நாங்கள் நடிக்கத் தேவையில்லை. விசுவமடுவில் பிறந்தவள் முப்பத்துநாலு வயதுக்குள் போரால் பதினொரு தரம் இடம்பெயர்ந்தவள். கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று அவளே விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் ஒரு கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். கடைசி நாலு ஓட்டமும் எட்டு மாதக் குழந்தை வேணுகாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஓடியது பிழை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஓடியதால்தான் பிள்ளை இருக்கிறாள். ஆனாலும் வாழ்க்கையில் ஒரு தரமாவது, எதிரே ஆட்கள் வரும்போது, ஓடாமல் ஒரு இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கிடந்தது. இதை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பகிடி பண்ணுவான் என்பதற்காக இல்லை, அழுதுவிடுவான் என்பதற்காக.

ஆவணி முழுக்கக் கப்பலில் பயிற்சி நடந்தது. ஞானம்பிகை அழுக்கு விரிப்பு ஏற்றிய தள்ளுவண்டியை நடைவழியின் மறுமுனையிலிருந்து ஓட்டி வருவாள். பவளராணி கம்பைக் குறுக்கே பிடித்து மறிக்க வேண்டும். முதல் நாள் வண்டி அவளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"அக்கா, உங்களையும் தோய்க்கிறதுக்கு அனுப்பட்டோ?" என்றாள் ஞானம்பிகை, வண்டிக்குள் மல்லாந்து கிடந்தவளைப் பார்த்து.

"வாயைப் பாக்காமல் திருப்பிக்கொண்டு போ. இன்னொருக்கா வா."

மாதம் முடிவதற்குள் வண்டி நின்றது. பலத்தால் நிற்கவில்லை. எந்தச் சக்கரம் எப்போது வழுக்கும் என்று அவளுடைய கால் படித்துவிட்டது.

அதற்குள் பிரான்காச்சோவில் ஒரு சிக்கல் கிளம்பியிருந்தது. நடுப்பட்டணத்து அணித் தலைவர் ஒனோஃப்ரியோ. மருந்துக்கடை முதலாளி, ஐம்பது வயது, வருடா வருடம் இங்கிலாந்து மன்னன் அவர்தான். வெள்ளிக் கிரீடம் சொந்தமாக வைத்திருக்கிறார். பாலத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், விதி என்ன சொல்கிறது என்றார். பிரான்காச்சோ ஆட்கள் மட்டும் என்றுதானே இருக்கிறது, இவர் எந்த ஊர்?

கூட்டம் தேவாலயத்துப் பின்மண்டபத்தில் நடந்தது. பவளராணி தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். அதில் தெருப்பெயர் இருந்தது, இலக்கம் இருந்தது. ஒனோஃப்ரியோ அதைத் தூக்கிப் பார்த்தார். "வசிக்கிறார், சரி" என்றார். "நான் கேட்டது அதையில்லை."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. அட்டையை அவர் கையிலிருந்து திருப்பி வாங்கினாள். அப்போது பின்வரிசைக் கதிரை ஒன்று கிரீச்சிட்டது. எழுந்தவன் டயர்க்கடை தூரி. தன் இடம் பறிபோன கோபத்தில் மூன்று வாரமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசாதவன்.

"மருந்துக்கடைக்காரரே, இவர் பிரான்காச்சோ இல்லை என்றால் நீங்கள் வந்து ஒரு மாதம் அந்தப் பேருந்துக்குக் காத்திருந்து பாருங்கள். பதினாலு வருடம் காத்திருந்தவர் இவர்." பிறகு அவள் பக்கம் திரும்பி, முறைத்தபடியே சொன்னான். "முப்பத்தொன்றுக்கு முதல் விழுந்தீர்களோ, ஒரு வருடத்துக்குச் சிரிப்பேன்."

விசயம் அதோடு முடிந்தது, ஆனால் பாரம் கூடிவிட்டது. இப்போது அவள் மூன்றாவது சத்தத்தில் விழுந்தால் விழுவது அவள் மட்டும் இல்லை. ஒரு வெளிநாட்டுக்காரியை நம்பிக் கெட்டார்கள் என்று பட்டணம் முழுக்கப் பிரான்காச்சோவைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பேசாமல் விட்டுவிடலாமா என்று அன்றைக்கு இரண்டு தரம் யோசித்தாள். பயம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

செப்டெம்பர் கடைசி ஞாயிறு. பின்னேரம் ஐந்து மணிக்கும் வெயில் குறையவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் உதைபந்தாட்டத் திடலில் நீளமாகக் கிடங்கு வெட்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் பவுசர் லொறி கொண்டு வந்து ஆறு செய்திருந்தார்கள். ஆறு முழங்காலளவு. மேலே சாரமரப் பலகைகளை ஆணியடித்துப் பாலம். இரண்டு பேர் உடம்பு முட்டாமல் நிற்க முடியாத அகலம். பிரான்காச்சோப் பக்க முனையிலிருந்து நாலு பலகை தள்ளி வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைப் பின்காலால் தாண்டினாலோ, முழங்கால் பலகையில் பட்டாலோ, தண்ணீரில் விழுந்தாலோ ஆட்டம் முடிந்தது. மோதுகிறவர்களுக்கும் அதே சட்டம், விழுந்தவன் திரும்பி வர முடியாது. எல்லாருக்கும் ஆயுதம் ஒன்றுதான், நுனியில் பஞ்சு சுற்றிய கம்பு. கை கம்பிலேயே இருக்க வேண்டும், கையால் ஆளைத் தொடக்கூடாது.

இங்கிலாந்துப் படை தலைக்கவசமும் மார்புக் கவசமுமாக வந்து நின்றது. காலில் இணையத்தில் வாங்கிய புதுத் தோல் சப்பாத்து. கஸ்பாரே கதையைக் கறாராகப் பார்ப்பவர் என்பதால் நோர்வேக்காரர்களுக்குக் கவசம் கிடையாது. அவர்களுடைய தகரக் கவசம் எல்லாம் தெருவோரத்தில் நிறுத்திய இரண்டு வேன்களில் கிடந்தன. அந்த வேன்கள்தான் கப்பல். பவளராணி கறுப்புக் காற்சட்டையும் வேலைக்குப் போடும் நீலச் சட்டையும் போட்டிருந்தாள். கோடரித் தலை வடிவில் வெட்டிய பஞ்சை அவளுடைய சொந்த மொப்புக் கம்பிலேயே கட்டியிருந்தார்கள், கை பழகிய கம்பு வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

வேணுகா வந்திருந்தாள். சிநேகிதிகளை அழைத்து வரவில்லை. "மம்மா, விழுந்தால் உடனை எழும்பி வாங்கோ, சரியோ? நான் துவாய் வைச்சிருக்கிறன்" என்றாள். விழுவாள் என்பதில் மகளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பவளராணி பாலத்தில் கால் வைத்தாள். வைத்ததும் நின்றுவிட்டாள். பலகை முழுக்கப் புழுதி. சிகரெட் கட்டைகள். காலையில் எந்தப் பிள்ளையோ ஓடி விளையாடி ஐஸ்கிறீம் உருகிக் காய்ந்திருந்தது. அவளால் முடியவில்லை. சண்டையாவது மண்ணாவது, இந்தத் தரையில் எப்படி ஒரு மனுசி நிற்பது?

"ஒரு வாளி தாருங்கோ" என்றாள்.

கஸ்பாரே திருப்பிக் கேட்டார். "என்ன?"

"வாளி. ஒரு பழைய துணியும்."

கூட்டம் சிரித்தது. தூரி தலையில் கையை வைத்தான். இராஜசிங்கம் வானத்தைப் பார்த்தான். வாளியும் துணியும் வந்தன. கிடங்குத் தண்ணீரை அள்ளி ஊற்றி, துணியைக் காலால் அழுத்திப் பின்பக்கமாக நடந்து, எதிர்முனையிலிருந்து வெள்ளைக் கோடு வரை பாலத்தைத் துடைத்தாள். சிகரெட் கட்டைகளைப் பொறுக்கிக் கஸ்பாரேயின் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஈரத் தரையில் செருப்போடு நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பிறகு கம்பை இடுப்புக்குக் குறுக்கே பிடித்தாள்.

ஒனோஃப்ரியோ நடுவரிடம் போனார். பாலத்தைக் கழுவலாமா? நடுவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். கழுவக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மேளம் ஒன்று என்றது.

முதலில் வந்தவன் மீன்சந்தைப் பையன் போல உறுதியான ஒரு இளைஞன். பாய்ந்து வந்தவன் பாலத்து விளிம்பில் பளபளவென்று கிடந்த பலகையைக் கண்டதும் வேகத்தை விட்டான். "பஞ்ஞாத்தோ" என்றாள் பவளராணி, கப்பலில் சொல்கிற அதே குரலில். பலேர்மோவில் பிறந்த எவனும் தாய் துடைத்த தரையில் மிதித்துத் தும்புத்தடியால் அடி வாங்காமல் வளர்ந்ததில்லை. அவன் உடம்புக்கு அது தெரியும். மெல்ல, நுனிக்காலால் அடியெடுத்து வைத்தான். படை என்ன நினைக்கும் என்பது அடுத்த கணம்தான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், ஓவென்று கத்திக்கொண்டு கம்பை ஓங்கினான். தோல் சப்பாத்து வழுக்கி முழங்கால் பலகையில் விழுந்தது. மேளம் ஒன்பது.

இரண்டாமவன் ஓடியே வந்தான். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். அவன் ஓட்டம் நிற்கவில்லை, வழுக்கிப் பக்கவாட்டில் தண்ணீருக்குள் போனான். மூன்றாமவன் கவனமாக வந்து அவள் தோளில் நல்ல அடி ஒன்று போட்டான். வலித்தது, ஆனால் அடித்த வேகத்தில் அவனும் வழுக்கி விழுந்தான். நாலாமவன், ஐந்தாமவன். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு என்று மேளம் அடித்ததும் முதலில் கத்தியது தூரி. அவனுடைய சாதனை போய்விட்டது, அவனோ துள்ளிக் குதிக்கிறான்.

ஐம்பதில் இரண்டு பேரை ஒன்றாக அனுப்பினார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக வந்து, பின்னவன் முன்னவனைத் தள்ளினான். இதற்குத் தள்ளுவண்டிப் பயிற்சி உதவவில்லை. இரண்டு ஆளின் பாரம் கம்பில் வந்து இறங்கியது. ஒரு பலகை பின்னால் தள்ளப்பட்டாள், இரண்டாவது பலகையும் போனது. அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வருவது தெரிந்தது, தலைக்கவசத்தில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது, எங்கோ ஒரு குழந்தை அழுதது. அந்த ஒரு கணத்தில் அவளுடைய இரண்டு காலும் தாங்களாகவே திரும்பப் பார்த்தன. ஓடு என்றன. அந்தக் கால்களுக்கு வேறு எதுவும் சொல்லித் தரப்பட்டதில்லை.

பின்னால் பார்த்தாள், அன்றைக்கு ஒரே ஒரு தரம். அங்கே வேணுகா நின்றாள். கையில் துவாய் இருந்தது. ஆனால் அது விழுவாள் என்று துவாய் கொண்டு வந்தவளின் முகம் இல்லை. "மம்மா" என்று கத்தினாள் பிள்ளை. "நில்லுங்கோ!"

அப்பாடா என்று இருந்தது பவளராணிக்கு. பதினாறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இன்றைக்குப் பிள்ளையே நில் என்கிறாள். திரும்பிக் கம்பைத் தாழ்த்தினாள். எதிர்பாராமல் பாரம் விலகியதும் முன்னவன் அப்படியே குப்புற விழுந்தான். பின்னவன் அவன்மேல் தடக்கினான். அறுபத்தாறு.

அப்புறம் ஒனோஃப்ரியோ வந்தார். மன்னர் சும்மா மன்னர் இல்லை, மூளை உள்ளவர். கரையில் உட்கார்ந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். கிரீடத்தைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். வெறுங்காலோடு, பாதத்தை அகல வைத்து, ஒவ்வொரு பலகையாகப் பார்த்து வந்தார். கம்போடு கம்பு வைத்து அழுத்தினார். அடிக்கவில்லை, குத்தவில்லை, அழுத்தம் மட்டும். எண்பது கிலோவுக்குக் குறையாது. அவளுடைய குதிக்கால் வெள்ளைக் கோட்டைத் தொட்டது. எழுபத்தொன்பது. எண்பது.

நிறையை நிறையால் மறிக்க அவளால் ஏலாது. அவளிடம் வேறு ஒன்று இருந்தது. பதினாலு வருடம், நாளொன்றுக்கு இருநூறு தரம் மொப்பு முறுக்கிப் பிழிந்த மணிக்கட்டு. இரண்டு கம்பையும் ஒன்றாக அணைத்து, ஈரத் துணியைப் பிழிவது மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினாள். ஒனோஃப்ரியோவின் கையிலிருந்து கம்பு கழன்று தண்ணீரில் விழுந்து மிதந்தது.

கம்பு இல்லாதவன் கரைக்குப் போய் வேறு கம்பு எடுத்து வர வேண்டும், அதுவரை வேறு ஆள் ஏறக்கூடாது. இது விதியில் இருந்தது, எழுதியதே ஒனோஃப்ரியோதான். அவர் ஒரு கணம் தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். ஓடவில்லை, ஓடினால் வழுக்கும். அவர் கரைக்குப் போய், கம்பை வாங்கி, திரும்பிப் பாலத்தின் நடுவுக்கு வரும்போது மேளம் தொண்ணூற்றாறு. கம்பு கம்பில் பட்டது. தொண்ணூற்றெட்டு. குதிக்கால் கோட்டிலேயே இருந்தது, கோட்டைத் தாண்டவில்லை. தொண்ணூற்றொன்பது.

நூறு என்று மேளக்காரன் அடித்த அடி பிரான்காச்சோக்காரர்களின் சத்தத்தில் கேட்கவே இல்லை.

நூறுக்குப் பிறகு வரலாறு தன் கணக்கைக் கேட்கும். பாலத்துக்குக் கீழே, பாதியாக வெட்டிய நீலப் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கியில் உட்கார்ந்து ஒருவன் துடுப்புப் போட்டு வந்தான். பலகை இடுக்கால் சிவப்புச் சாயம் தோய்த்த ஈட்டி மேலே வந்து அவளுடைய உள்ளங்காலைத் தொட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள் சிஞ்ஞோரா" என்றான் உள்ளேயிருந்து.

பவளராணி சாக வேண்டிய மாதிரிச் செத்தாள். தான் துடைத்த பலகையில் நீட்டி நிமிர்ந்து, கம்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தாள். இனி இங்கிலாந்துப் படை அவளைத் தாண்டிப் பாலத்தைக் கடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெரிய சண்டை. பிரான்காச்சோப் பக்கம் ஆட்கள் "ராணி, ராணி" என்று மேளத்துக்கு ஏற்றபடி கத்திக்கொண்டிருந்தார்கள். இராஜசிங்கம் எதையும் கத்தவில்லை, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். ஞானம்பிகை அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

ஒனோஃப்ரியோ இரண்டடி தள்ளி நின்றார். படை அவர் முதுகில் முட்டி நின்றது. நடுவர் கையைக் காட்டிக் கடவுங்கள் என்றார். அவர் கடக்கவில்லை. கம்பைப் பலகையில் வைத்துவிட்டுப் பாலத்து ஓரத்தில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டார். "இவர் பிரான்காச்சோதான்" என்றார், எவரையும் பார்க்காமல்.

வேணுகா பாலத்தில் ஏறி ஓடி வந்து தாயின் தலைமாட்டில் குந்தினாள். துவாயால் அவளுடைய முகத்தைத் துடைத்தாள். அழுதது யார் என்று பார்க்கிறவர்களுக்கு விளங்கவில்லை.

"அம்மா, எழும்புங்கோ. எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கினம். அவையள் கடக்க வேணுமாம்."

பவளராணி கண்ணைத் திறக்கவில்லை.

"பதினொரு தரம் எழும்பி ஓடினனான் பிள்ளை" என்றாள். "இண்டைக்கு என்னை ஒருத்தரும் எழுப்பேலாது."

இங்கிலாந்துப் படை காத்திருந்தது.